வெடியண்ணையின் கனடா மரை

முல்லைத்தீவில் ஐஸ் அறைக்குள் கதிரை போட்டு இருந்து கனடாவுக்குப் பழகிய மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் வெடியண்ணை. இதற்குப் போட்டியாக யாராவது வேறு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், நான் பத்தி எழுதுவதை இன்றோடு விட்டுவிட்டு, மாங்குளம் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கத் தயார்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கம் துவக்கால் சுடுவதை ‘வெடி வைக்கிறது’ என்பார்கள். அண்ணை இளமையில், வயலை உழக்க வரும் பன்றிக்கு வெடி வைத்தவர். அந்தத் துவக்கு அவர் கையை விட்டுப்போய் முப்பது வருசத்துக்கு மேல். துவக்குப் போனது, காடு பாதி போனது, முன்வாய்ப் பல்லு இரண்டு போனது, பெயர் மட்டும் போகவில்லை. எழுபது வயதில், கத்தரிக்காய்ப் பையும் கையுமாக பஸ்ஸுக்கு நிற்கிறபோதும் அவர் வெடியண்ணைதான்.

ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு முள் இருந்தது. அண்ணை பன்றிக்கு வெடி வைத்திருக்கிறார், முயலுக்கு வைத்திருக்கிறார். எங்கள் காட்டின் பெரிய மானான மரைக்கு மட்டும் வைத்ததில்லை. அவருடைய அப்பர் ஏழு மரை விழுத்தியவர். “பன்றி வயித்துக்கு, மரை பேருக்கு” என்று அவர் சொல்லுவாராம். அந்தக் கணக்கில் மகன் அரை வெடிக்காரன்தான்.

மரை கிடைக்காமலும் இல்லை. இருபத்திரண்டு வயதில், காட்டுக்குள் ஒரு மோட்டை ஓரம், அதாவது மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருகிற சின்னக் குளத்தடியில், பனி கொட்டுகிற விடியலில் ஒரு கலைமரை இவர் முன்னால் வந்து நின்றிருக்கிறது. அண்ணை துவக்கைத் தூக்கினார். குறி பார்த்தார். தும்மினார்.

அவ்வளவுதான். அந்த ஒரு தும்மலை அவர் நாற்பத்தெட்டு வருசம் சுமந்தார். கலியாண வீடோ செத்த வீடோ, அண்ணை இருக்கிற இடத்தில் யார் தும்மினாலும், “அண்ணை, மரை ஓடிட்டுது” என்று ஒரு குரல் வரும். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்த நாட்களில்கூட அது நின்றதில்லை. சொன்னவர்களில் நானும் ஒருவன். இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

களவாக இங்கேயே ஒன்றைப் பார்ப்போமே என்று சிலர் அவரை உசுப்பிப் பார்த்தார்கள். அண்ணை அதற்குச் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: “மரைக்கு வெடி வைச்சால் மறியலில கம்பி எண்ணவேணும். மறியலுக்கு நான் பயமில்லை. எங்கட காட்டில மிஞ்சிக் கிடக்கிறதே கொஞ்ச சீவன். களவாய் வைச்சால் மரை விழும், பேர் எழும்பாது.”

கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியாததற்குக் காரணம் அவருடைய மகன் ரூபன். அவன் கனடாவில், மலைப் பக்கத்து நகரம் ஒன்றில் லொறி ஓட்டுகிறான். ஒருநாள் றோட்டோரம் நின்ற ஒரு மிருகத்தைப் படம் எடுத்துத் தகப்பனுக்கு அனுப்பினான். எங்கள் மரை மாதிரித்தான், ஆனால் இரண்டு மரையை ஒன்றாய்ச் சேர்த்துத் தைத்த பருமன். கொம்பு விறகுக் கட்டுப் போல. “அப்பா, கனடா மரை. அனுமதி எடுத்தால் இதுக்கு வெடி வைக்கலாம். இஞ்ச நிறைய நிக்குது” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான். அவனுக்குப் பேச்சு. தகப்பனுக்கு அது அழைப்பிதழ்.

அடுத்தநாள் காலை, நான் கடை திறக்கமுதல் அண்ணை வாசலில் நின்றார். அந்தப் படத்தைப் பெரிதாகக் கலரில் எடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டுத் தரச் சொன்னார். உறை சூடு ஆறமுதலே சந்தியில் நின்று அறிவித்துவிட்டார்: “புழுதி விதைப்பு முடிச்சுப்போட்டுப் போறன். அறுவடைக்கு வந்திடுவன். இடையில ஒரு மரை.”

அவர் மனுசி சரசக்கா வாய்க்கு வஞ்சகம் செய்யாதவா. “எழுபது வயசில ஆக்கள் காசிக்குப் போறவை” என்றா.

“காசியில மரை நிக்குமே?” என்று அண்ணை கேட்டார்.

டொக்டர் முழங்கால் தேய்ந்துபோயிற்று என்று சொல்லிப் பார்த்தார். தேய்ந்தது முழங்கால்தானே, ஆள் இல்லையே என்று அண்ணை கேட்டுவிட்டு, மருந்துத் துண்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டார். வயதைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: “மரைக்கு என்ர வயசு தெரியாது. நீ போய்ச் சொல்லிப்போடாத.”

ஆயத்தம் தொடங்கியது. எங்கள் பக்கத்து வேட்டைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. போகிறவனுக்கு உதவினவனுக்கெல்லாம் இறைச்சியில் பங்கு. தோட்டா கொடுத்தவனுக்குப் பங்கு, நாய் கொடுத்தவனுக்குப் பங்கு, அந்த நாய்க்கும் தனியாகப் பங்கு. கூலி என்று யாரும் வாங்கக்கூடாது. சொன்ன பங்கைக் கொடுக்காமல் விடக்கூடாது. வந்த பங்கை, கொடுத்தவன் பகையாளி என்றாலும், திருப்பி அனுப்பக்கூடாது. அண்ணை பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கி, இந்தச் சட்டப்படி பெயர் எழுதத் தொடங்கினார். வெளிநாட்டால் வந்த யாரோ விட்டுப்போன தடித்த குளிர்க்கோட்டைக் கொடுத்தவருக்கு முதல் பங்கு. முழங்காலுக்கு எண்ணெய் பூசி உருவிவிட்டவருக்கு ஒரு பங்கு. ‘அசையாதே’, ‘சத்தம் போடாதே’ என்று நாலு இங்கிலிஷ் சொல்லிக்கொடுத்த ரீச்சருக்கு ஒரு பங்கு.

ஊர் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். சிரித்தவர்கள் எல்லாரும் சிரித்து முடிய, ஏதாவது ஒரு உதவியைச் செய்து, கொப்பியில் தங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். விசரன் என்று சொல்வதற்கும் காய்ந்த இறைச்சி வத்தல் கறியை வேண்டாம் என்று சொல்வதற்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

அடுத்தது குழாய். கனடா மரை கத்துகிற சத்தத்தை ரூபன் வீடியோவாக அனுப்பியிருந்தான். அந்த உடம்புக்கு மாடு மாதிரி முழங்கும் என்று நினைத்தால், தூரத்தில் ரயில் ஊதுவது போல மெல்லிய நீளக் கூவல். அங்கத்தைய வேட்டைக்காரர் குழாயால் அந்தச் சத்தத்தை எழுப்பி மரையைக் கிட்டக் கூப்பிடுவார்களாம். அண்ணை தண்ணீர்க் குழாயில் கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குளக்கட்டில் நின்று விடிய விடிய ஊதிப் பழகினார். மூன்றாம் நாள் கூவல் படிந்துவிட்டது. எவ்வளவு படிந்தது என்றால், எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிற ரயில் கடவைக்காரர் சத்தத்தைக் கேட்டு, ரயில் வருகிறதென்று றோட்டுக்குக் குறுக்கே தடியைப் பதித்துவிட்டார். இந்தப் பக்கம் பள்ளிக்கூட வான், அந்தப் பக்கம் இரண்டு உழவு இயந்திரம், நடுவில் பால்காரர். கால் மணித்தியாலம் கூவல் வந்துகொண்டே இருந்தது, ரயில் மட்டும் வரவில்லை.

பிறகு கடவைக்காரர் அண்ணை வீட்டுக்கே போய்ப் பணிவாகக் கேட்டார்: “அண்ணை, ஊதுங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் ரயில் மாதிரி ஒரு நேரசூசி போட்டு ஊதுங்கோ.” அண்ணை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ரயிலே ஏமாந்தால் மரை ஏமாறாதோ என்பது அவர் வாதம். கடவைக்காரருக்கும் கொப்பியில் ஒரு பங்கு.

இனி ஐஸ் அறை. முல்லைத்தீவில் அந்தோனி என்று ஒரு மீன் முதலாளி. அவருடைய வாடியில் மீன் வைக்கிற ஐஸ் அறை ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணை பஸ் ஏறி அங்கே போவார். வீட்டிலிருந்தே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். வெளியே தார் உருகுகிற வெயில். பக்கத்தில் இருக்கிறவர்கள் அவரைப் பார்த்தே வியர்ப்பார்கள். அங்கே போய், பாரை மீனுக்கும் சுறாவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, மண்வெட்டிப் பிடியைத் துவக்கு மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் அந்தோனி வெளியிலிருந்து கதவில் தட்டவேண்டும். உயிரோடு இருந்தால் அண்ணை உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டவேண்டும்.

முதல்நாள் அந்தோனி நடுங்கிவிட்டார். “ஐயா, பாரையே ரெண்டு நாளில கண் பிதுங்கிப்போகுது. உள்ளுக்கை நீங்கள் செத்துப்போனால் நான் ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது?”

“ஒருத்தருக்கும் சொல்லாத. பாரையோட சேர்த்துக் கொழும்புக்கு ஏத்திவிடு.”

ஊரெல்லாம் அவர் குளிருக்குப் பழகுகிறார் என்றுதான் நினைத்தது. அந்தோனிக்கு மட்டுந்தான் உண்மை தெரியும். அண்ணை பழகியது குளிருக்கு அல்ல, தும்மலுக்கு. முதல்நாள் நாலு நிமிசம், பதினொரு தும்மல். அந்தோனி வெளியே நின்று எண்ணியிருக்கிறார். இரண்டாம் கிழமை ஏழு. நாலாம் கிழமை மூன்று. கடைசியில் ஒருநாள் ஐம்பது நிமிசம், தும்மல் இல்லை. கதவைத் திறந்தபோது அண்ணையின் மீசையில் ஐஸ் தூள். மூக்கு முருக்கம்பூ நிறம். வாய் விறைத்துப்போய்ப் பேச வராமல், பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாராம். அந்தோனி சுடச்சுடப் பிளேன்ரீயைக் கொடுத்துவிட்டு, “எனக்கும் ஒரு பங்கு எழுதுங்கோ ஐயா” என்றாராம்.

இப்போது விசா. அது என் பகுதி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், ஊராருக்கு விண்ணப்பப் போம் நிரப்பி நிரப்பியே இங்கிலிஷ் படித்தவன். கூலிக்குப் பதிலாக எனக்கும் பங்கு சொல்லியாயிற்று. கொப்பியில் இருபத்தேழாவது பெயர்.

பயண நோக்கம் என்ற இடத்தில், மகனைப் பார்க்க என்று போடுவோம், எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றேன்.

“மகனை நான் போனில நெடுக பார்க்கிறன். அவன்ர மூஞ்சைக்கு ஏன் பிளேன்? நான் போறது மரைக்கு. மரை எண்டு போடு.”

“அண்ணை, விசா தரமாட்டினம்.”

“தராட்டி அது அவையின்ர பிழை. பொய் எழுதினால் என்ர பிழை.”

போட்டேன். ஒரு மரையைச் சுடுவதற்கு, சுட்டபின் திரும்பி வருவதற்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அப்படியே அடித்தேன். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. இல்லையென்ற பதில். அவர் திரும்பி வருவார் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம்.

அந்தக் கடிதம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. எத்தனையோ தாய் தகப்பனுக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். சிலர் அழுவார்கள், சிலர் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அண்ணை அழவில்லை, மடிக்கவுமில்லை. கடையில் ஆட்கள் இருக்கிற மர வாங்கிலிருந்து எழும்பினார். தேய்ந்த முழங்கால் இரண்டும் ‘கடக்’ என்றன.

“நான் திரும்பி வரமாட்டனாம். அதைச் சொல்ல இவை ஆர்? எத்தினை தரம் இந்த ஊரை விட்டு ஓடினனாங்கள். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தனாங்கள்தானே. பாயும் தலகணியுமாய்ப் போய்த் திரும்பி வந்தவனுக்கு, பெட்டியோட போய்த் திரும்பி வரத் தெரியாதோ? இதை அப்பிடியே எழுது. ஒரு சொல்லும் குறைக்காத.”

கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

இரண்டாம் தரம் போன கட்டில் மூன்று கடதாசி கூடுதலாக இருந்தது. ஒன்று அந்தக் கடிதம். மற்றது அவருடைய பழைய துவக்கு அனுமதிப் பத்திரம். வீட்டு நிலை கதவு போய், ஆடு மாடு போய், அந்தத் துவக்கும் போன பிறகு, பொலித்தீன் பைக்குள் அவர் இடுப்பிலேயே கிடந்து தப்பிய கடதாசி அது. மூன்றாவது, பங்குக் கொப்பியின் பிரதி. முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு கையெழுத்து. இத்தனை பேருக்குப் பங்கு சொல்லிவிட்டு ஒருவன் திரும்பி வராமல் இருப்பானா என்பது அண்ணையின் சாட்சியம். எது வேலை செய்ததோ எனக்குத் தெரியாது. விசா வந்தது.

சந்தி முழுக்க வெடி கொளுத்தாத குறை. அந்த நேரம் பார்த்து லீவில் வந்த கனடாக்காரர் ஒருவர் தேத்தண்ணிக் கடையில் இருந்து ஒரு கேள்வி கேட்டார்: இறைச்சியை எப்படிக் கொண்டுவரப் போகிறார்? பிளேனில் விடமாட்டார்கள், அங்கேயே பறித்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

இதை யோசிக்காதது அண்ணை மட்டுமில்லை. முப்பத்தொரு பேர் பங்கு கேட்டோம், முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முறிகண்டிக் காட்டுக்குப் போய் வருகிற கணக்கிலேயே எல்லாரும் கனடாவையும் நினைத்திருந்தோம்.

செய்தி முதலில் சரசக்காவின் காதுக்குத்தான் போனது. அவா குசினிக்குள் நின்றபடியே சொன்னாவாம்: “சொன்ன பங்கு குடுக்காத வெடிக்காரன் பிறகு காட்டில காலே வைக்கப்படாது எண்டு உங்கட அப்பர் சொன்னவர். மறந்துபோச்சோ?” டொக்டராலும் விசாக்காரராலும் முடியாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது. இரண்டு நாள் குளக்கட்டில் குழாய்ச் சத்தம் இல்லை. கடவைக்காரரே பயந்துபோய், அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ என்று என்னிடம் வந்து விசாரித்தார்.

மூன்றாம் நாள் காலை அண்ணை கொப்பியோடு கடைக்கு வந்தார். நேரே என் முன்னால் அதை விரித்தார்.

“தம்பி, பங்கை ஆளின்ர கையிலதான் குடுக்கவேணும் எண்டு சட்டம் இருக்கோ?”

“இல்லை அண்ணை. ஆள் இல்லாட்டி வீட்டில குடுத்தால் காணும்.”

“அப்ப எழுது. இந்த முப்பத்தொரு பேற்ற வீட்டிலயும் கனடாவில ஆர் ஆர் இருக்கினம்?”

நான் பேனையை எடுத்தேன். அவர் சொல்வது சரி. எங்கள் வீடுகளில் பாதி இங்கே, பாதி அங்கே. மத்தியானத்துக்குள் கடை நிரம்பிவிட்டது. ரீச்சரின் மகள் மொன்றியலில், குளிர்க்கோட்டுக் கொடுத்தவரின் பேரன் ரொறொன்ரோவில், கடவைக்காரரின் மைத்துனர் எங்கேயோ வாயில் நுழையாத ஒரு ஊரில். தாய்மார் விலாசத்துண்டை மடியிலிருந்து எடுத்து, நான் எழுதுகிறதை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தொன்பது பெயருக்கு ஆள் கிடைத்தது. அந்தோனிக்கு அங்கே ஒருவரும் இல்லை. போன் எடுத்துக் கேட்டோம். அவர், “அங்கயும் அந்தோனியார் கோயில் ஒண்டு இருக்குந்தானே ஐயா, அவரிட்டக் குடுங்கோ” என்றார். எழுதினோம்.

மிச்சம் இருபத்தேழாவது பெயர்.

“உன்ர தம்பி ரொறொன்ரோவிலதானே?” என்று அண்ணை கேட்டார்.

“எனக்கு அங்க ஆரும் இல்லை.”

எங்களைப் பெற்ற ஐயாவின் செத்த வீட்டுக்கு அவன் வரவில்லை. அவனால் ஏன் வரமுடியவில்லை என்று நான் கேட்கவுமில்லை. போனில் ஒரு கடும் வார்த்தை சொன்னேன். அதற்குப் பிறகு எட்டு வருசம் போன் இல்லை. இது ஊருக்கே தெரியும். அண்ணைக்கும் தெரியும்.

அவர் பேனையை என் கையில் திருப்பி வைத்தார். “உன்ர கோவத்துக்கு நான் பங்கு சொல்லேல்லை தம்பி. உன்ர பேருக்குத்தான் சொன்னனான். விலாசத்தை எழுது.”

விலாசம் மறந்துபோயிற்று என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே தபால் இலக்கம் வரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்தேன். அண்ணை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

புழுதி விதைப்பு முடிந்த கையோடு புறப்பட்டார். விமான நிலையத்தில் குழாயைப் பார்த்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணை ரீச்சர் சொல்லிக்கொடுத்த நாலு சொல்லையும் சொல்லிப் பார்த்தார். விளங்கவில்லை. வாயில் வைத்து ஊதிக் காட்டினார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்காமல் முன்னால் போகவிட்டார்களாம்.

அங்கத்தைய சட்டப்படி வெளியூரார் தனியாகக் காட்டுக்குள் போகமுடியாது. ரூபனின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பொறுப்பு நின்றார். துவக்கும் அவருடையது. இருவருக்கும் பொதுவான மொழி என்று ஒன்றுதான் இருந்தது: முழங்கால் நோவு. காட்டு வாசலில் அண்ணை ஒரு கொப்பை முறித்து, பிள்ளையாருக்கு என்று மரத்தில் செருகிவிட்டுத்தான் கால் வைத்தார். எங்கள் வழக்கம் அது. இரண்டாம் நாள் அந்தக் கிழவரும் ஒரு கொப்பைச் செருகினாராம், கேட்காமலே.

மற்றவர்கள் மலை ஏறி மரை தேடுகிறவர்கள். அண்ணையின் முழங்கால் மலைக்கு ஒத்துவரவில்லை. “மரை தண்ணி குடிக்க வரத்தானே வேணும், நான் அதின்ர வாசலில இருக்கிறன்” என்றுவிட்டு, ஓரம் உறைந்த ஒரு குளத்தைக் கண்டுபிடித்து, நம் மோட்டைக் காவல் மாதிரியே இருந்துவிட்டார். கனடாவில் பதினைந்து வருசம் இருந்த ரூபன் ஒரு மணித்தியாலத்தில் குளிர் தாங்காமல் வாகனத்துக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். மாங்குளத்தார் அசையவில்லை. அந்தோனியின் ஐஸ் அறை இதைவிடக் குளிராம்.

மூன்றாம் நாள் விடியல் குழாயை ஊதினார். தூரத்தில் ஒரு கூவல் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு அது வந்து தண்ணீருக்கு முன்னால் நின்றது. அண்ணை துவக்கைத் தூக்கினார். குறி பார்த்தார். மூக்குக்குள் எறும்பு ஊர்ந்தது. நாற்பத்தெட்டு வருசத்துக்கு முந்திய அதே எறும்பு. அந்தோனி கதவில் தட்டுகிறான், நான் ரெண்டு தட்டுத் தட்டவேணும், அதுவரைக்கும் தும்மப்படாது என்று நினைத்துக்கொண்டாராம். உதட்டைக் கடித்தார். வெடி வைத்தார்.

மரை விழுந்தது. அது எழும்பவில்லை என்று நிச்சயமானபிறகு, அண்ணை துவக்கைப் பக்குவமாகக் கிழவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மலை அதிர ஒரு தும்மல் தும்மினார். வாகனத்துக்குள் இருந்த ரூபன், தனக்கு இரண்டு வெடி கேட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறான்.

ரூபனின் வாகனக் கொட்டிலுக்குள் கயிறு கட்டி, உப்பும் மஞ்சளும் போட்டு, மின்விசிறியும் சூடாக்கியும் பூட்டி, இறைச்சியை வத்தலாக்கினார். முப்பத்தொரு பொட்டலம். ஒவ்வொன்றிலும் கொப்பியிலிருந்த ஊர்க்காரரின் பெயர், உள்ளே துண்டு: ‘உங்கட வீட்டுப் பங்கு. சொன்னபடி.’ எல்லாம் தபாலில் போனது.

பிறகு ஒரு கிழமை எங்கள் ஊரில் போன் ஓயவில்லை. ரீச்சரின் மகள் இறைச்சியை விட்டு நாலு வருசம். ஆனாலும் வந்த பங்கைத் திருப்பக்கூடாது என்று தாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. அந்தோனியார் கோயில் பாதர் அங்கிருந்து ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார். அந்தோனி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஐஸ் அறைக் கதவில் மாட்டியிருக்கிறார்.

எனக்கு ஒரு காலை, கடை திறந்துகொண்டிருக்கிறபோது போன் வந்தது. நீளமான இலக்கம். எடுத்தேன்.

“அண்ணை, பங்கு வந்தது” என்றான் தம்பி. “கல்லு மாதிரிக் கிடக்கு. இதை எப்பிடிச் சமைக்கிறது?”

எட்டு வருசமாக அவனுக்குச் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். “முதல் சுடுதண்ணியில ஊறப்போடு” என்றேன்.

அறுவடைக்குப் பத்து நாள் முந்தி வெடியண்ணை சந்தியில் வந்து இறங்கினார். கையில் குழாய். இறங்கிய மனிதரைச் சரசக்கா தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தா. கண்ணைத் துடைத்தா. பிறகு, “வயலுக்கை பன்றி இறங்கிட்டுது. பெரிய வெடிக்காரர் வந்திட்டார்தானே, போய்த் தகரத்தைத் தட்டுங்கோ” என்றா. அன்று பின்னேரமே அண்ணை தகரம் தட்டினார். குழாயும் ஊதினார். கடவைக்காரர் தடியைப் பதிக்கவில்லை. வெளியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்து வாங்கில் இருந்தார். தம்பி எடுத்ததைச் சொன்னேன்.

“வடிவாய் அவிஞ்சுதாமோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் அண்ணை. ரெண்டு மணித்தியாலம் எடுத்தது. அவியும்வரைக்கும் போன் வைக்கேல்லை.”

“வத்தல் எண்டால் அவ்வளவு நேரம் எடுக்குந்தான்” என்றுவிட்டு, மடியிலிருந்து கொப்பியை எடுத்து, இருபத்தேழாவது பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார்.

எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததும் அதனால்தான். வாங்கில் இருந்தவர், யாராவது தும்மினால் வருகிற அந்தச் சொல்லுக்குக் காத்திருந்து பழகிய மனிதர். இந்தமுறை ஒருவரும் சொல்லாததால் அவரே சொன்னார்.

“பயப்பிடாத தம்பி. மரை ஓடேல்லை.”